புள்ளினச் செம்மலுக்குப் பறவை சொன்னவர்

“இல்லாத பறவையைக் கண்டன் எண்டும் சொல்லமாட்டன், கண்ட பறவையைக் காணேல்லை எண்டும் சொல்லமாட்டன். இந்தத் தம்பித்துரையின்ரை வாயிலை ஒரு சிட்டுக்குருவி கூடவும் கூடாது, குறையவும் குறையாது!”

இந்தப் பிரகடனம் லுசேர்ணுக்குப் பக்கத்தில் எம்மென்புறூக்கவில், யாரோ ஒருவருடைய ஐம்பதாவது பிறந்தநாள் விழாவில், இரண்டாவது மட்டன் ரோலுக்கும் மூன்றாவது மட்டன் ரோலுக்கும் இடையில் வெளியிடப்பட்டது. கேட்டவர்கள் ஏழு பேர். அதில் ஐந்து பேருக்கு அவர் எதைப் பற்றிக் கதைக்கிறார் என்றே தெரியாது. ஆறாவது ஆள் அவருடைய மனைவி ஜெயகௌரி. தெரியும், ஆனால் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனவர். ஏழாவது ஆள் குகதாசன். அவர்தான் ரோலைக் கீழே வைத்துவிட்டு, “அண்ணை சொன்னால் அது சட்டம்” என்று வழிமொழிந்தார்.

தம்பித்துரைக்கு வயது ஐம்பத்தொன்பது. முப்பத்திரண்டு வருடமாக லுசேர்ண் ஏரிக்கரையில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. தட்டுக் கழுவத் தொடங்கிப் படிப்படியாக உயர்ந்து, ‘ஹில்ஃப்ஸ்கொக்’ என்ற பதவியை அடைந்து, அங்கேயே நிலைத்துவிட்டார். உதவிச் சமையற்காரர் என்று பொருள். அதாவது சோஸ் நன்றாக வந்தால் அது சமையற்காரர் வைத்தது. அடிப்பிடித்தால் உதவிச் சமையற்காரர் வைத்தது. அந்த ஹோட்டலின் உணவு அட்டையில் கோழி வளர்த்த கமக்காரனின் பெயர் இருக்கும். சீஸ் செய்த பெண்ணின் பெயர் இருக்கும். ஆட்டிறைச்சிக்குக்கூட ஆடு மேய்ந்த மலையின் பெயர் இருக்கும். தம்பித்துரையின் பெயர் முப்பத்திரண்டு வருடத்தில் அச்சேறிய ஒரே இடம் வேலை அட்டவணை. அதிலும் இடம் போதாது என்று ‘தம்பி’ என்றுதான் போட்டிருந்தார்கள்.

இப்பேர்ப்பட்டவர் பறவைகளிடம் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் முழங்கால். பதினொரு வருடத்துக்கு முன்னர் டொக்டர் முழங்காலைத் தட்டிப் பார்த்து, நடக்கவேண்டும், ஆனால் மட்டமான நிலத்தில் மட்டும் நடக்கவேண்டும் என்றார். சுவிற்சர்லாந்தில் மட்டமான நிலத்தைத் தேடச் சொல்வதும் கொழும்பில் பனியைத் தேடச் சொல்வதும் ஒன்றுதான். தம்பித்துரை தேடினார். செவ்வாய்க்கிழமை அவருக்கு லீவு. ரயில் ஏறி ஃப்ளூயெலனில் இறங்கி, ஏரிக்கரை வழியே அரை மணித்தியாலம் நடந்தால், ரொய்ஸ் ஆறு மலைகளைவிட்டு இறங்கி ஏரியில் விழும் கழிமுகம். இரண்டு பக்கமும் மலை வானத்துக்கு நிற்க, நடுவில் தோசைக்கல் மாதிரி ஒரு துண்டு நிலம். நாணல், சரளைத் திட்டுகள், மரத்தால் கட்டிய ஒரு பார்வைக் கோபுரம்.

கடலில்லாத நாட்டில் கடற்பறவைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். தம்பித்துரையும் கேட்டார். விடை ஒக்ரோபர் மாதத்தில் வந்தது. அத்திலாந்திக்கில் பெரும்புயல் அடித்தால், அங்கே தன் பாட்டில் பறந்துகொண்டிருந்த பறவைகள் வழி தவறி, ஆறுகளைப் பிடித்துக்கொண்டு உள்நாட்டுக்குள் வந்துவிடும். வடமேற்குக் காற்று அவற்றை ஏரியின் இந்தக் கடைசி மூலைக்குத் தள்ளும். அதற்கு அப்பால் மலை. போக இடமில்லாமல் ஆற்று வாயில் ஒரு நாளோ அரை நாளோ நின்று, இரை பொறுக்கி, காற்று அடங்கியதும் போய்விடும். ஊரில் கடலுக்கு இரண்டு மைல் தள்ளி இருபத்தாறு வருடம் வாழ்ந்தபோது ஒரு கடற்பறவையைக்கூடத் தலை நிமிர்ந்து பார்த்திராத தம்பித்துரை, இருநூறு கிலோமீற்றர் தூரத்துக்கு ஒரு கடலுமில்லாத இடத்தில் அவற்றின்மேல் பித்தானார்.

ஹோட்டலில் ஒரு விருந்தாளி மறந்துவிட்டுப்போன தொலைநோக்கி, ஒரு வருடம் யாரும் தேடி வராததால் அவர் கைக்கு வந்தது. படிப்பு வேறு வழியாக வந்தது. சமையலறையில் நிற்கிறவருக்குக் கதவு திறக்குமுன்னரே எந்தப் பரிசாரகர் வருகிறார் என்று நடையிலேயே தெரியும். அதே வித்தையை அவர் வானத்துக்கு மாற்றினார். கடற்காகம் சோம்பேறி, இறக்கையை அடித்துவிட்டு அடித்ததற்குக் கவலைப்படும். ஆலா அவசரக்காரன், மூன்று மேசை காத்திருக்கிறமாதிரி வெட்டி வெட்டித் திரும்பும். நீர்க்காகம் கழுத்தை நீட்டி, புகார்சொல்லப் போகிற விருந்தாளி மாதிரி நேர்கோட்டில் போகும். பனியிலும் மழையிலும் முந்நூறு யார் தூரத்தில் நிறம் தெரியாது. நடை தெரியும்.

கண்டதைச் சும்மா வைத்திருக்கக் கூடாது, பறவை பார்ப்பவர்கள் எல்லோரும் பதியும் இணையத்தளம் ஒன்று இருக்கிறது, வருட முடிவில் அந்தப் பக்கத்துப் பறவைச் சங்கம் அவற்றைக் கண்டவர் பெயரோடு சின்னப் புத்தகமாகவும் அடிக்கிறது என்று சொன்னவர் குகதாசன்.

குகதாசனைப் பற்றிச் சொல்லாமல் இந்த வட்டாரத்தில் ஒருவருடைய சரித்திரத்தையும் எழுத முடியாது. பதினான்கு வயதில் வந்து, இங்கேயே படித்து, பக்கத்து நகரமான சூக்கில் ஒரு கந்தோரில் கழுத்துப்பட்டியோடு இருக்கிறவர். லுசேர்ணிலும் சூக்கிலும் தமிழர் வீட்டுப் பெட்டியில் விழும் ஜெர்மன் கடிதம் எதுவும் அவர் கண் படாமல் போனதில்லை. வதிவிட அனுமதி, பள்ளிக்கூடக் கடிதம், வரிப் படிவம், பெண்சாதியைக் கூப்பிடும் விண்ணப்பம், எல்லாவற்றையும் இலவசமாக நிரப்பித் தருவார். அவர் பென்சிலால் புள்ளடி போட்ட இடத்தில் கையெழுத்து வைப்பதுதான் மற்றவர்களின் வேலை. ‘என்ன எழுதியிருக்கிறியள்?’ என்று கேட்பது அந்த ஊர் வழக்கமில்லை. கேட்டால் நம்பவில்லை என்று ஆகிவிடும்.

தம்பித்துரையும் கேட்கவில்லை. பதினொரு வருடமாகச் செவ்வாய்க்கிழமை பின்னேரம் ரயிலில் இருந்தபடியே போன் எடுப்பார்.

“சொல்லுங்கோ அண்ணை, எழுதிறன்.”

“சின்னக் கடற்காகம் பதினேழு. மூண்டு விரல் கடற்காகம் ஒண்டு, இளசு. இறக்கையிலை கறுப்புக் கோடு இங்கிலீசு எம் எழுத்து மாதிரி. காத்துக்கு முகம் குடுத்து நிண்டது.”

“வேறை ஏதும் குறிப்பு?”

“முதலாளியைக் கண்ட சேர்விஸ்காரன் மாதிரி டக்கெண்டு நிமிந்து பறந்தது எண்டு போடுங்கோ.”

“போட்டாச்சு அண்ணை.”

“தம்பி, அந்தப் புத்தகம் வந்தால் எனக்கும் ஒண்டு எடுத்து வையுங்கோ.”

“இந்த முறையும் முடிஞ்சுதாம் அண்ணை. வாற வருசம் பாப்பம்.”

பதினொரு புத்தகமும் முடிந்துபோயின. இவ்வளவு வேகமாக விற்றுத் தீரும் பறவைப் புத்தகம் உலகில் வேறெங்கும் இருக்காது என்று தம்பித்துரை பெருமைப்பட்டார். தன் பெயர் எத்தனை வீட்டு அலுமாரிகளில் இருக்கிறது!

போன ஒக்ரோபரில் வாணி விழா வந்தது. மண்டபம் நிறைந்த சனம். நடனம், வீணை, பேச்சுப்போட்டி எல்லாம் முடிந்து, சமூகத்துக்குப் பெருமை சேர்த்தவரைக் கௌரவிக்கும் நேரம். ஒவ்வொரு வருடமும் ஒருவருக்குப் பொன்னாடை போர்த்தி ஒரு பட்டமும் கொடுப்பார்கள். பட்டம் கிடைக்காதவர்களின் தொகை அருகி வந்ததால், இந்தத் தடவை என்ன பட்டம் மிச்சமிருக்கிறது என்று அறியச் சனம் ஆவலாக இருந்தது. செயலாளர் ஒலிவாங்கியைத் தட்டி, “புள்ளினச் செம்மல் குகதாசன் அவர்கள்!” என்றார்.

முதலில் கைதட்டியவர் தம்பித்துரை. பலமாகத் தட்டியவரும் அவர்தான். தம்பிக்கும் பறவையில் இவ்வளவு ஆசையா, சொல்லவேயில்லையே என்று ஜெயகௌரியிடம் சந்தோசப்பட்டார்.

மேடையில் ஹெர் கிஸ்லர் என்ற வெள்ளைத்தாடிக்காரர் ஏறினார். பறவைச் சங்கத் தலைவர். அவர் ஜெர்மனில் புகழப் புகழ, அதைத் தமிழில் மொழிபெயர்க்கும் பொறுப்பும் குகதாசனுக்கே இருந்தது, மண்டபத்தில் அதற்குத் தகுதியானவர் வேறு யார்? அவரும் தலையைக் குனிந்துகொண்டு, “பதினொரு வருசமாக ரொய்ஸ் கழிமுகத்தில் ஆயிரத்து நானூறு பதிவுகள் செய்திருக்கிறேனாம்... அடக்கமானவனாம்...” என்று கூச்சத்தோடு மொழிபெயர்த்தார்.

பிறகு கிஸ்லர் ஒரு சின்னப் புத்தகத்தை விரித்து ஒரு குறிப்பை வாசித்தார். வாசித்துவிட்டுத் தானே சிரித்தார். குகதாசன் ஒரு கணம் தயங்கிவிட்டுச் சொன்னார்: “முதலாளியைக் கண்ட... வேலையாள் மாதிரி நிமிர்ந்து பறந்தது.”

மண்டபம் சிரித்தது. தம்பித்துரையின் கைகள் தட்டுவதற்கு விரிந்தபடியே நின்றுவிட்டன.

தேத்தண்ணி வாளிக்குப் பக்கத்தில் வைத்து அவர் குகதாசனைப் பிடித்தார். பொன்னாடை இன்னும் தோளில் இருந்தது.

“தம்பி, அது என்ரை பறவையெல்லோ?”

“ஓம் அண்ணை, ஆர் இல்லையெண்டது? ஆனால் கணக்கு என்ரை பேரிலையெல்லோ திறந்தது. பேர் போடுற பெட்டி சின்னன். உங்கடை பேர் நீளம், அடங்காது.”

“பதினொரு வருசமாய் அடங்கேல்லையோ?”

“அண்ணை, உங்கடை பேர் வந்தால் என்ன, என்ரை பேர் வந்தால் என்ன? தமிழன்ரை பேர் வருது. நாங்கள் எல்லாரும் ஒண்டுதானே?”

“அப்ப அந்தச் சால்வையிலை பாதியைக் கிழிச்சுத் தாரும்.”

குகதாசன் அதைப் பகிடியென்று எடுத்துக்கொண்டு சிரித்து, தோளில் தட்டிவிட்டு, படம் எடுக்கக் கூப்பிட்ட பக்கம் போய்விட்டார். நம்ப நட, நம்பி நடவாதே என்பார்கள். தம்பித்துரை முழங்கால் நோவோடு பதினொரு வருடம் நடந்தேவிட்டார்.

வீட்டில் ஜெயகௌரி ஆறுதல் சொல்லும் இனமில்லை. “பறவையை முந்நூறு யாரிலை நடையைப் பாத்துப் பிடிக்கிறியள். மனுசனைப் பக்கத்திலை வைச்சும் பிடிக்கேல்லை” என்றார். சொல்லிவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தம்பித்துரையின் கைப்பேசியை எடுத்து, பறவை பதியும் அந்த இணையத்தளத்தில் புதுக் கணக்குத் திறந்தார். முதியோர் இல்லத்தில் வேலை. நாளாந்தம் பத்துப் படிவம் தட்டுகிறவர். “பேரைக் கேக்குது. முழுசாப் போடவோ?”

“முழுசாப் போடு. ஒரு எழுத்தும் விடாதை.”

போட்டார். பெயர் பெட்டிக்குள் அடங்கியது. பக்கத்தில் இன்னொரு தம்பித்துரை காலை நீட்டிப் படுக்க இடமும் மிச்சமிருந்தது.

இனி முதல் பதிவு. சொந்தப் பெயரில் வரப்போகும் முதல் பதிவு ஏதோ ஒரு வாத்தாக இருப்பதைத் தம்பித்துரையின் தன்மானம் அனுமதிக்கவில்லை. பதினொரு வருடமாக அவர் காணாத பறவை ஒன்று இருந்தது. ஜெர்மன்காரர் அதற்கு ‘றவுப்மோவ’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள், கொள்ளைக்காரக் கடற்காகம். தானாக மீன் பிடிக்காது. மீன் பிடித்த பறவையைத் துரத்தித் துரத்தி, அது வாயிலிருப்பதைக் கக்கும்வரை விடாது. கக்கியதைத் தண்ணீரில் விழுமுன் பிடித்துவிடும். குகதாசனை இதோடு ஒப்பிடுவது பறவைக்குச் செய்யும் அநியாயம். அது பட்டப்பகலில், முகத்துக்கு நேரே பறிக்கும். பறித்துவிட்டு அண்ணை என்று கூப்பிடாது.

அந்தப் பறவைதான் முதல் பதிவு என்று தம்பித்துரை முடிவெடுத்தார். மூன்று செவ்வாய்க்கிழமை போனார், எண்ணினார், ஒன்றையும் பதியவில்லை. ஹெர் கிஸ்லரை எங்கேயாவது கண்டால் சொல்ல ஒரு ஜெர்மன் வசனத்தையும் ஜெயகௌரியிடம் கேட்டுப் பாடமாக்கினார்: ‘அந்தப் பறவைகள் எல்லாம் நான் பார்த்தவை.’ ரயிலில் போகும்போதும் வரும்போதும் சொல்லிச் சொல்லி உச்சரிப்பைத் தீட்டினார்.

நவம்பர் முதல் கிழமை புயல் வந்தது. திங்கள் இரவு முழுக்க ஹோட்டலின் கொடிக்கம்பங்கள் கிணுகிணுத்தன. செவ்வாய் காலை அவர் ஃப்ளூயெலனில் இறங்கியபோது ஏரி தகரக் கூரை மாதிரிச் சாம்பலாய்ப் புரண்டுகொண்டிருந்தது. மழை மேலிருந்து விழாமல் பக்கத்திலிருந்து வந்தது. சரளைத் திட்டில் கடற்காகங்கள் எல்லாம் ஒரே திசைக்கு அலகைக் காட்டி, தலையை உள்ளே இழுத்து, பஸ் பிந்தியவர்கள் மாதிரி வரிசையில் இருந்தன. ஆற்றுத் தண்ணியும் ஏரித் தண்ணியும் முட்டும் இடத்தில் நுரைக்கோடு. அதன்மேல் சின்னக் கடற்காகங்கள் இருபது முப்பது, காற்றை எதிர்த்துத் தொங்கி, ஒரு காலைத் தண்ணீரில் தொட்டு, பொறுக்கி, பின்னுக்குத் தள்ளுப்பட்டு, திரும்ப முன்னுக்கு வந்தன. ஆலா இரண்டு வந்தன, ஒரு சுற்று, போய்விட்டன. தம்பித்துரைக்கு முழங்கால் இருப்பதே மறந்துபோனது.

பதினொரு மணியளவில் கோபுரப் படிகளில் சப்பாத்துச் சத்தம். நடையிலேயே தெரிந்தது ஒருவர் யார் என்று. குகதாசன். பின்னால் ஹெர் கிஸ்லர். புயல் நாளில் புள்ளினச் செம்மலோடு ஒரு தடவையாவது பறவை பார்க்கவேண்டும் என்று கிழவர் விடாப்பிடியாக நின்றிருக்கிறார். செம்மல் கந்தோருக்கு லீவு போட்டு வந்திருந்தார். புது மழை அங்கி. கழுத்தில் புது இருகண் நோக்கி. அதன் முன்மூடிகளைக் கழற்றாமலே ஏரியை இடமிருந்து வலமாகக் கம்பீரமாக ஆராய்ந்தார்.

“அண்ணை, நல்லகாலம் நீங்கள் நிக்கிறியள்” என்றார் தமிழில், உதடு அசையாமல். “பறவை வந்தால் மெல்லப் பேரை மட்டும் சொல்லுங்கோ. மற்றதை நான் பாக்கிறன்.”

“முதல்லை மூடியைக் கழட்டும்” என்றார் தம்பித்துரை.

கிஸ்லர் ஈரக் கையை நீட்டினார். தம்பித்துரையை யாரென்று சொல்லவேண்டிய கடமை குகதாசனுக்கு வந்தது. “தாஸ் இஸ்ற் ஹெர் தம்பி” என்றார். “எர் ஹில்ஃப்ற் மியர்.” இவர் திரு. தம்பி, எனக்கு உதவி செய்கிறவர்.

‘ஹில்ஃப்’ என்ற அந்த ஒரு சொல்லை வருடக்கணக்காகப் பதவி அட்டையில் சட்டைப்பையில் குத்திக்கொண்டு நின்றவருக்கு அதை யாரும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. கிஸ்லர் உண்மையான அன்போடு அவர் கையை இரண்டு கையாலும் பிடித்து, நல்லது, மிக நல்லது, உதவி இல்லாமல் யாரால் முடியும் என்றார். தீட்டி வைத்திருந்த வசனம் தொண்டைவரை வந்தது. அந்த மனிதரின் ஈரத் தாடியையும் சிரிப்பையும் பார்த்ததும் வினைச்சொல் எங்கே வரும் என்பது மறந்துபோனது. தம்பித்துரை “யா, யா” என்றார்.

பிறகு தொலைநோக்கிக்குக் குனிந்துகொண்டார். கண்ணை அதில் வைத்திருந்தால் முகத்தை யாரும் பார்க்கமாட்டார்கள்.

கிஸ்லர் தன் இருகண் நோக்கியின் மழைநீரைத் துடைக்கத் தொடங்கினார். குகதாசன் கைப்பேசியை எடுத்து, அந்த இணையத்தளத்தைத் திறந்து, பெருவிரலைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் வடக்கே, நுரைக்கோட்டுக்கு அப்பால், ஒரு கடற்காகம் பதறித் திரும்பியது. சோம்பேறிப் பறவை அப்படித் திரும்பாது. அதன் பின்னால் கருமண்நிறத்தில் ஒன்று. நெஞ்சு தடித்தது. இறக்கை நுனியில் வெள்ளைக் கீற்று. கடற்காகத்தின் நடையில்லை, வல்லூறின் நடை. கடற்காகம் மேலே ஏறினால் ஏறியது, விழுந்தால் விழுந்தது, அலைக்குள் புகுந்தால் கூடவே புகுந்தது. மூன்றாவது சுற்றில் கடற்காகத்தின் வாயிலிருந்து வெள்ளியாய் ஒன்று விழுந்தது. கருமண்நிறம் சரிந்து, தண்ணீருக்கு ஒரு முழம் மேலே அதை எடுத்துக்கொண்டு, காற்றில் ஒரு தடவை தன்னைத் தூக்கிக் காட்டிவிட்டு, மழைக்குள் போனது.

தம்பித்துரை கண்ணை எடுக்கவில்லை. பதினொரு வருடம். அவருடைய தோள்கள் இறுகியதைக் குகதாசன் கண்டுவிட்டார். பறவையைத் தெரியாவிட்டாலும் தம்பித்துரையைத் தெரியும்.

“என்னண்ணை? என்ன அது?” பெருவிரல் இறங்கத் தயாராக நின்றது. “கெதியாச் சொல்லுங்கோ!”

கிஸ்லரும் நிமிர்ந்தார். “என்ன கண்டீர்கள்?” என்று ஜெர்மனில் நேரே தம்பித்துரையைக் கேட்டார்.

சொல் நாக்கின் நுனியில் இருந்தது. சொன்னால் அது காற்றில் இரண்டு அடி போகுமுன் அந்தப் பெருவிரலில் விழும். யாருடைய பெயரில், எத்தனை மணி எத்தனை நிமிடத்தில் என்றெல்லாம் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது.

“யுங்க மிற்றல்மேர்மோவ” என்றார் தம்பித்துரை. இளம் மத்தியதரைக் கடற்காகம். இந்த நாட்டில் அவர் கதைத்த ஜெர்மனில் அவ்வளவு சுத்தமான உச்சரிப்பு அதற்கு முன் வந்ததில்லை. ஏரி முழுக்கக் கிடக்கும் பறவை.

“அவ்வளவுதானோ?” என்றார் குகதாசன்.

“அவ்வளவுதான்.”

கிஸ்லர் இருகண் நோக்கியை வைத்து வடக்கே பார்த்தார். மழைதான் இருந்தது. சந்தேகப்படவில்லை, தலையாட்டினார். குகதாசன் ஏமாற்றத்தோடு, சரி, அதையாவது போடுவோம் என்று பெருவிரலை இறக்கப் போனார்.

“நைன்” என்றார் தம்பித்துரை. “இஷ் மெல்ட. மைன் நாம.” நான் பதிகிறேன். என் பெயர்.

குகதாசன் பறவையைப் பார்க்கும்போதுகூடக் காட்டாத கவனத்தோடு அவரைப் பார்த்தார். கிஸ்லரோ முகம் மலர்ந்து, மிக நல்லது, அப்படியானால் இன்றைய பட்டியல் முழுக்க உங்களுடையது, பின்னேரம் வீட்டில் இருந்து வாசிப்பேன் என்றார். “கடற்காகத்தையும் மறக்காமல் போடுங்கள்!” என்று பகிடியாகச் சேர்த்துக்கொண்டார்.

அவர்கள் இருவரும் பன்னிரண்டரைக்குக் காரில் போனார்கள். தம்பித்துரை நான்கு மணிவரை நின்றார். வடக்கே மழைக்குள்ளிருந்து ஒன்றும் திரும்பி வரவில்லை.

ரயிலில் ஈரத் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கைப்பேசியைத் திறந்தார். கண்டவர் என்ற இடத்தில் அவருடைய பெயர் ஒரு எழுத்துக் குறையாமல் நின்றது. வாத்து அறுபத்துநாலு. சின்னக் கடற்காகம் இருபத்தொன்பது. ஆலா இரண்டு. நீர்க்காகம் எட்டு. விரலைக் கீழே ஓட்டினார். ‘றவுப்மோவ’ என்ற சொல் வந்தது. அதன் பக்கத்தில் ஒரு வெறும் பெட்டி. ரயில் சுரங்கம் ஒன்றுக்குள் போய் வெளியே வரும்வரை விரல் அதன்மேலேயே நின்றது. கோபுரத்தில் கிஸ்லரிடம் சொன்னது வேறு பறவை, பின்னேரம் அவர் இதை வாசிப்பார்.

பிறகு இன்னும் கீழே போனார். இளம் மத்தியதரைக் கடற்காகம். ஒன்று. அனுப்பினார்.